பேசத் தெரிந்தவனுக்கு மட்டும்தானா வேலை?

“வேலை தெரிகிறது, ஆனால் பேசத் தெரியவில்லையே!”

நேர்காணல் அறையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நல்லவர்கள் வழங்கும் தீர்ப்பு இது. வந்தவன் கணக்கில் புலி. ஆயிரம் வரிகள் கொண்ட பேரேட்டில் ஒரு வரி பிசகியிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆனால், கேட்டவரின் முகம் பார்த்து அவன் பதில் சொல்லவில்லை. “உன்னைப் பற்றிச் சொல்” என்றதும் எங்கே தொடங்குவது என்று திகைத்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. போதாதா? “தகுதியில்லை” என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டார்கள்!

தோழர்களே, கேட்கிறேன்: அவனை எதற்காக அழைத்தார்கள்? கணக்கு எழுதவா, கச்சேரி செய்யவா?

ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லும் நிலையில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். எழுத்துகள் கண்முன் குழம்பி நிற்கும் டிஸ்லெக்சியா உடையவர்கள் இருக்கிறார்கள். ஒன்றில் மனத்தை நிறுத்த மற்றவர்களைவிடப் பன்மடங்கு பாடுபட வேண்டிய கவனச் சிதறல் உடையவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய மூளை வேறு விதமாக வேலை செய்கிறது. மனித மூளை ஒரே அச்சில் வார்த்ததன்று என்னும் இந்த உண்மைக்குத்தான் நரம்பியல் பன்மை என்று பெயர்.

இவர்கள் எல்லோரும் மேதைகள் என்று சொல்ல நான் வரவில்லை. சிலர் மேதைகள், பலர் உம்மைப்போல், என்னைப்போல், சிலருக்கு அன்றாட வாழ்வுக்கே பிறர் துணை வேண்டும். மேதையாக இருந்தால் மட்டுமே உள்ளே விடுவோம் என்பது இன்னொரு வஞ்சகம். சாதாரண மனிதன் சாதாரண வேலை பார்த்துச் சாதாரணச் சம்பளம் வாங்கும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

தகுதி, திறமை! இந்தச் சொற்களை நாம் நன்றாக அறிவோம். 1921ஆம் ஆண்டு நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தபோதும் இந்தப் பூச்சாண்டிதான் காட்டப்பட்டது. தகுதியை அளக்கும் கோல் எவன் கையில் இருக்கிறது, எவனுக்காக அது வெட்டப்பட்டது என்று கேட்கக் கற்றவர்கள் நாம். அந்தக் கேள்வியை இந்த மனிதர்களுக்காகவும் கேட்க வேண்டாமா?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. மனவளர்ச்சிக் குறைபாடும் மனநோயும் பட்டியலில் இருந்தும், அரசு வேலைக்கான 3 விழுக்காட்டில் அவர்களுக்கு இடம் இல்லை. பந்தியில் பெயர் சொல்லி அழைத்தார்கள், இலை போடவில்லை!

பிறகு வந்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் 7 வகையை 21 ஆக்கியது. ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அரசு வேலை ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அத்தனைக்கும் சேர்த்து 1 விழுக்காடு. நூற்றில் ஓர் இடம், அதற்கு ஐந்து வரிசை! தனியார் முதலாளிக்கோ ஒதுக்கீட்டுக் கட்டாயமே இல்லை. ஊக்கம் கொடுத்து இணங்கச் செய்வோம் என்று மட்டும் சட்டம் பேசுகிறது. கவனச் சிதறலோ 21இல் ஒன்றாகவும் இல்லை.

ஒதுக்கீட்டைப் பெற, குறைபாடு 40 விழுக்காடு என்று சான்று வேண்டும். 39 என்றால்? வெளியே நில் என்றார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உடைய ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தாம் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டார். 40 விழுக்காட்டுக் கணக்குக் காட்டி மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. ஒதுக்கீட்டுக்கு வைத்த அளவுகோலை, வேலைக்கும் தேர்வுக்கும் தேவையான நியாயமான வசதியை மறுக்கும் கருவியாக்காதே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நியாயமான வசதி! அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலாளி பையைத் தடவிப் பார்க்கிறார். பயப்பட வேண்டாம். வாயால் சொல்லும் உத்தரவைத் தாளில் எழுதிக் கொடுப்பதற்கு என்ன செலவு? ஷிப்டு மாற்றத்தை முன்கூட்டிச் சொல்வதற்கு? இரைச்சல் தாங்காதவனைச் சுவரோரத்தில் உட்கார வைப்பதற்கு? நான்கு பேர் நான்கு விதமாக ஏவாமல் ஒரே மேற்பார்வையாளர் வேலை சொல்வதற்கு? ஒரு தாள், ஒரு நாற்காலி, கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான் பலருக்குத் தேவை!

“இது சலுகை அல்லவா?” என்று நம்மவர் சிலரே கேட்கிறார்கள். வெல்டிங் செய்பவன் கறுப்புக் கண்ணாடி கேட்டால் சலுகை என்கிறோமா? கொதிகலன் அருகில் நிற்பவன் கையுறை கேட்டால் சலுகை என்கிறோமா? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் பலர் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வை என்றது. வேலைக்கு வருபவள் தாயாகவும் இருப்பாள் என்று அன்று சட்டம் ஒப்புக்கொண்டது. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, மதிய உணவு வேளை போதவில்லை என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. மனிதனுக்கு ஏற்ப ஆலையைத் திருத்து என்பதுதானே தொழிற்சங்கத்தின் வேலை!

வேறு நாட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. டென்மார்க்கில் தோர்கில் சோன என்பவர் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் 2004இல் ஸ்பெஷலிஸ்டர்ன என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வந்தவர்களை வளவளவென்று பேச வைத்து அளக்கவில்லை. லெகோ கட்டைகளைக் கொடுத்து எந்திரப் பொம்மை செய்யச் சொன்னார்கள். கை பேசியது, மூளை பேசியது, வேலையும் கிடைத்தது! கணினி மென்பொருளில் பிழை தேடும் பணியில் அவர்கள் அமர்ந்தார்கள். 2013இல் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் அவர்களோடு கைகோத்தது. தருமம் செய்ய வந்த நிறுவனமன்று அது. ஆள் தேவைப்பட்ட நிறுவனம்!

இனி, நம் பக்கம் திரும்புவோம். முதலாளியை நோக்கி நீட்டும் விரலை நம் பட்டறைக்குள்ளும் நீட்டித்தான் ஆக வேண்டும். டீக்கடைப் பெஞ்சில் ஒட்டாமல் தனியே நிற்கும் தொழிலாளிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? லூசு! அரைவேக்காடு! கேலியைக் கேலி என்று புரிந்துகொள்ள முடியாதவனை நடுவில் நிறுத்திச் சிரிக்கிறோமே, அது என்ன வீரம்? சாதிப் பெயர் சொல்லி அழைத்தால் கொதித்தெழும் நாம், இந்தப் பெயர்களைச் சொல்லி அழைக்கும்போது மட்டும் கைதட்டலாமா? முதலாளி அவன் சம்பளத்தைப் பறிக்கிறான். நாம் அவன் மானத்தைப் பறிக்கிறோம். தன் நிலையை வாய்விட்டுச் சொன்னால் வேலையும் போகும், கேலியும் கூடும் என்று அஞ்சித்தான் எத்தனையோ பேர் ஊமையாக உழைக்கிறார்கள்!

என்ன செய்யலாம்? முதலில் நம் வாயைக் கட்டுவோம். அடுத்து, அவன் நம்பிச் சொன்னதை ஊர்ச் செய்தியாக்காமல் காப்போம். பிறகு, சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்போம்: இந்த நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கை எங்கே? அரசு நிறுவனமானாலும் தனியார் நிறுவனமானாலும் அப்படி ஒன்றை எழுதி அறிவிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இருந்தால் காட்டட்டும், இல்லையென்றால் எழுத வைப்போம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வாய்ப்பேச்சுக்குப் பதில் செய்து காட்டும் தேர்வு கேட்போம். “சொன்னது விளங்கவில்லை” என்ற குற்றத்துக்காக ஒருவனுக்கு விளக்கக் கடிதம் வரும்போது, “விளங்கும்படி எழுதிக் கொடுத்தீர்களா?” என்று சங்கத்தின் பெயரால் பதில் எழுதுவோம்.

அவனால் உரக்கப் பேச முடியாது. நமக்குத்தான் குரல் இருக்கிறதே! மேடை மேடையாக முழங்கும் அந்தக் குரலை, அடுத்த இயந்திரத்தில் தலை குனிந்து நிற்கும் அந்தத் தோழனுக்காக ஒரு முறை எழுப்புங்கள். அவனும் நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன்தான்!