வேளாண்மை முதல் விருப்பமாகட்டும்

பிளஸ் 2 முடிவு வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "நீட் எழுதியிருக்கான், பார்ப்போம். கிடைக்கலைன்னா அக்ரியாவது போட்டுடலாம்." வேளாண்மைப் படிப்பை இப்படி இரண்டாம் பந்தியில் உட்கார வைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. கோவையிலோ கிள்ளிகுளத்திலோ உள்ள வேளாண் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, மருத்துவக் கலந்தாய்வின் அடுத்த சுற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர், அங்கே இடம் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார். கிடைக்காதவர் நான்கு ஆண்டுகளையும் அரைமனத்தோடு ஓட்டுகிறார். இந்தப் படிப்புக்காகவே ஏங்கிய உழவர் வீட்டுப் பிள்ளை, கட்-ஆஃப் எட்டாமல் வேறு ஏதோ ஒரு கல்லூரிக்குப் போய்விடுகிறார்.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் வயலில் ஒரு மஞ்சள் இலையைப் பார்க்க வேண்டும். நடவு முடிந்து சில வாரங்களில் நெல் வெளுக்கிறது. விவசாயி நாலு இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்குப் போகிறார். தழைச்சத்துக் குறைவு என்றால் மஞ்சள் அடி இலையில் தொடங்கும். யூரியா போட்டால் தேறிவிடும். துத்தநாகக் குறைவு என்றால் இலையில் துரு நிறப் புள்ளிகள் தெரியும். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் தேவை. துங்ரோ நோய் என்றால் பயிர் குட்டையாகி, இலை நுனியிலிருந்து மஞ்சளோ ஆரஞ்சு நிறமோ இறங்கும். அது வைரஸ் நோய். பச்சைத் தத்துப்பூச்சி அதைப் பரப்புகிறது. அங்கே யூரியாவை அள்ளிப் போட்டால் பூச்சிதான் பெருகும். மூன்றும் பழகாத கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும். கடைக்காரருக்கு வேறுபாடு தெரியாவிட்டால் கைக்கு எட்டிய டப்பாவை எடுத்து நீட்டுவார். விவசாயிக்குப் பணமும் போய், பருவமும் போய்விடும். பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டுமானால் வேளாண்மையோ அறிவியலோ படித்தவர் கடையில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த விதிக்கு உயிர் வர, படித்தவர்களே கடைத்தெருவுக்கு வர வேண்டும்.

"என் அப்பா எந்தக் காலேஜில் படித்து விவசாயம் பார்த்தார்?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், அனுபவ அறிவைக் குறைத்துப் பேச யாருக்கும் தகுதியில்லை. ஆனால், 2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ அப்பியபோதும், 2018-ல் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தைப் படைப்புழு குருத்தோடு தின்றபோதும், ஊரில் எந்தப் பெரியவரும் அவற்றை முன்பு கண்டதில்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பூச்சிகள். வெள்ளை ஈக்கு வேளாண் விஞ்ஞானிகள் சொன்ன வழி, கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள் என்பதுதான். என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி தோப்பில் பெருகட்டும், மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், ஓலையின் அடியில் விசையாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள் என்றார்கள். மருந்தடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து சாகும். இதை விவசாயிக்கு நம்பும்படி எடுத்துச் சொல்ல ஊருக்கு ஒரு பட்டதாரியாவது வேண்டாமா?

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் வீட்டார் அவர் மருத்துவராக வேண்டும் என்றே விரும்பினார்கள். தந்தை கும்பகோணத்தில் அறுவை மருத்துவர். 1943 வங்கப் பஞ்சம் மகனின் மனத்தை மாற்றியது. விலங்கியல் பட்டம் பெற்ற பிறகும் கோவை வேளாண் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தார். அவருக்கு அது முதல் விருப்பம்.

கோளாறு எங்கே இருக்கிறது? நாம் வேளாண்மையைப் பற்றிப் பேசத் தொடங்குவது பிளஸ் 2 முடிவுக்குப் பிறகு. தீர்மானமோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பிளஸ் 1 பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. வணிகவியல் பிரிவு எடுத்தவருக்கு வேளாண்மைப் பட்டப் படிப்பு கிடையாது. இதை அந்த நாளில் பிள்ளையிடம் சொல்ல ஆளில்லை. தொழிற்பிரிவில் வேளாண் அறிவியல் படித்தால் வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிச் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வேளாண்மைப் பட்டத்தைத் தமிழ் வழியிலும் படிக்கலாம். இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பும் இருக்கிறது. எத்தனை கிராமத்துப் பெற்றோருக்கு இவையெல்லாம் தெரியும்?

தெரிந்தாலும் போதாது. தொழிற்பிரிவு ஆசிரியர் ஓய்வு பெற்றதும் இடத்தை நிரப்பாமல், பிரிவையே மூடிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். வயலும் மாடும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உள்ள நேர்வழி அதுதான். அதை அடைத்துவிட்டு, வேளாண்மைக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று மேடையில் வருந்துவதில் பொருளில்லை. ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதோடு, 5 விழுக்காட்டை இரட்டிப்பாக்கவும் வேண்டும் என்பது நம் கோரிக்கை.

பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை. இந்தப் பட்டத்துக்குக் கிராக்கி ஏறியதும் தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் போட்டி போட்டுக்கொண்டு இடங்களைத் திறக்கின்றன. பணம் கட்டும் முன் கேளுங்கள்: இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, சொந்தப் பண்ணை எத்தனை ஏக்கர், மாணவர்கள் வயலில் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள்? கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்கி, இலை வண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டுக் காட்டி, விதை நேர்த்தி செய்து காட்டும் பயிற்சி இந்தப் படிப்பின் முதுகெலும்பு. அதைக் காகிதத்தில் முடிக்கும் கல்லூரி வேண்டவே வேண்டாம்.

வேலை? வேளாண்மை அலுவலர் பணியிடங்கள் குறைவு. தேர்வாணைய அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. அந்த ஒன்றை மட்டும் நம்பிச் சேரக் கூடாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணி, விதை நிறுவனங்கள், உணவுப் பதப்படுத்தல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என வாசல்கள் வேறு இருக்கின்றன. சொந்தமாக வேளாண் ஆலோசனை மையம் தொடங்க, 2002 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று நடக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சியும், வங்கிக் கடனோடு, திட்டச் செலவில் 36 முதல் 44 விழுக்காடு மானியமும் அதில் உண்டு.

பள்ளிக் கல்வித் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து, பிளஸ் 1 சேர்க்கை தொடங்கும் முன்பே ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பத்தாம் வகுப்புப் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும். அதுவரை காத்திருக்காமல், வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருப்போர் ஒரு நாள் தங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருக்கும் விஞ்ஞானிகளிடம் பிள்ளையே கேள்வி கேட்கட்டும்.