பைபாயின்: பணத்தாளோடு நின்றுவிடக் கூடாது

1593இல் பிலிப்பைன்ஸின் மணிலாவில் அச்சான ‘தொக்திரினா கிறிஸ்தியானா’ நூலில் தகாலோக் மொழி பைபாயின் எழுத்திலும் இடம்பெற்றது. பிராமி வழிவந்த இவ்வெழுத்தில் உயிர் 3, மெய் 14. நம் புள்ளியைப் போல மெய்யைத் தனித்துக் காட்டும் குறி அப்போது இல்லை. 1620இல் பிரான்சிஸ்கோ லோபெஸ் பாதிரியார் அதற்கெனச் சிலுவைக் குறி ஒன்றைப் புகுத்தியும் மக்கள் ஏற்கவில்லை. ஸ்பானியர் ஆட்சியில் ரோமன் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது.

இன்று பணத்தாளிலும் இளைஞர்களின் பச்சைகுத்தலிலும் பைபாயின் திரும்பியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதன் உறவு எழுத்தை மிந்தோரோ தீவின் ஹனுனூ மக்கள் கைவிடவே இல்லை. மூங்கிலில் கத்தியால் கீறி இன்றும் பாட்டெழுதுகிறார்கள். பைபாயினைத் தேசிய எழுத்தாக்கும் மசோதா நிறைவேறட்டும். அதற்கு முன், ஹனுனூ மக்களின் மலைக்கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களையும் பாடநூல்களையும் பிலிப்பைன்ஸ் அரசு தர வேண்டும்.