கொசுவும் வைரஸும் சேர்ந்தால்..!

1957. உகாண்டாவின் கம்பாலா நகர மருத்துவமனை. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை அறுவை சிகிச்சை நிபுணர் டெனிஸ் பர்கிட்டிடம் காட்டினார்கள். அவனுக்கு மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டிலும், இரு பக்கமும் வீக்கம். சிறிது காலத்திலேயே வேறோர் ஊரிலும் அதே போன்ற வீங்கிய முகத்துடன் ஒரு குழந்தை. பிறகுதான் தெரிந்தது, அது லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய்!

இது எங்கெல்லாம் வருகிறது? 1961-ல் இரண்டு டாக்டர் நண்பர்களுடன் ஒரு பழைய காரில் சுமார் 16,000 கிலோமீட்டர் சுற்றினார் பர்கிட். வெப்பமும் மழையும் மிகுந்த, மலேரியா பரவும் பகுதிகளில்தான் நோய் அதிகம். அப்படியானால், கொசு ஏதோ வைரஸைப் பரப்புகிறதோ?

லண்டனில் பர்கிட்டின் உரையைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டீன், கட்டித் துணுக்குகளை விமானத்தில் வரவழைத்து ஆராய்ந்தார். இரண்டு ஆண்டுகளாக எதுவும் சிக்கவில்லை. 1963 டிசம்பரில் மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட, தாமதமாக வந்த திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று பார்த்தால், உள்ளே உயிருள்ள புற்றுச் செல்கள் மிதந்தன! அவற்றை வளர்த்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வைரஸ் தெரிந்தது. 1964-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ்.

இதைக் கொசு பரப்புவதில்லை. எச்சில் மூலம் பரவுகிறது. உலகில் பெரியவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் உடலில், ரத்த வெள்ளை அணுக்களில் ஒருவகையான பி செல்களுக்குள் ஆயுள் முழுக்கச் சத்தமின்றித் தங்கியிருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் இல்லை.

பிறகு புற்றுநோய் எப்படி? மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும்போது பி செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. வைரஸை அடக்கிவைக்கும் எதிர்ப்பு சக்தியும் தளர்கிறது. அந்த நேரத்தில் ஒரு செல்லின் குரோமோசோம் துண்டு இடம் மாறி ஒட்டிக்கொண்டால், செல் பெருக்கத்தைத் தூண்டும் மரபணு கட்டுப்பாட்டை இழக்கிறது. வைரஸ் தனியாக இதைச் செய்வதில்லை. அதனால், ‘வைரஸ் இருக்கிறது’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. நோயாளியைத் தொடுவதாலோ, கூட அமர்ந்து சாப்பிடுவதாலோ புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது.

ஆனால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி சில வாரங்களாகியும் கரையவில்லையா? காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வை, எடைக் குறைவு? தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பர்கிட் லிம்ஃபோமா மிக வேகமாக வளரும். ஆனால், உரிய நேரத்தில் கீமோதெரபி கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளைக் குணப்படுத்த முடியும்.