பச்சிலைதானே என்று எண்ணலாமா?

"பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் சிலரின் சிறுநீரகங்கள் பழுதுற்றதை 1993-ல் மருத்துவர்கள் வெளியிட்டனர். ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி சேர்ந்துவிட்டதே காரணம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அவ்வினமே!

வாய்வழி உண்ணும் பொருளை எலிகளுக்கு ஒருமுறை கொடுத்து 14 நாட்கள் கவனிப்பது முதற்படி. மெல்லக் கொல்லும் நஞ்சு அதில் தப்பிவிடக்கூடும். ஆகவே 90 நாட்கள் நாள்தோறும் கொடுத்து உள்ளுறுப்புகளையும் ஆராய்கின்றனர்.

பாட்டி வைத்தியத்தை நாம் பழிக்கவில்லை. உடனே வரும் வாந்தியை அனுபவம் கண்டுகொள்ளும். ஆண்டுகள் கழித்து வரும் நோயைச் சோதனையே காட்டும். ஆதலால் செடியின் அடையாளத்தையும் அதன் தீங்கையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருந்தாக்குவதுதான் அறிவுடைமை.