நிக்காம பேலன்ஸ் வராது சாமி

போன வாரம் எங்க நாக்பூர் கிளைக்கு ஒருத்தர் நகைக்கடன் கேட்டு வந்தார். ஆறு வயசுப் பையனுக்கு செரிப்ரல் பால்சி. நிக்க வெச்சா சாயறானாம். ஸ்டெம் செல் ஊசி போட்டா பேலன்ஸ் வந்துடும்னு ஏதோ கிளினிக்ல சொல்லியிருக்காங்க. மேசை மேல மனைவியோட நாலு வளையல்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய் மாதிரி சிலதுக்குத்தான் ஸ்டெம் செல் சிகிச்சை. செரிப்ரல் பால்சிக்கு அது வெறும் ஆராய்ச்சி. ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசே வாங்கக் கூடாது. அப்புறம் எதுக்குய்யா வளையல்?

ஊசி மட்டுமா? என் அக்கா பொண்ணை ரெண்டு வருஷம் பாயில படுக்க வெச்சு, காலை நீட்டி மடக்கிக்கிட்டே இருந்தாங்க. அதுக்குப் பேரு தெரபி! ஆஸ்திரேலியாவுல அயோனா நோவக் குழு 2013லயும் 2020லயும் ஆய்வுகளை அலசி, டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சாங்க. ஒரு இலக்கு வெச்சுக் குழந்தை தானே செஞ்சு பழகுறது பச்சை. அடுத்தவங்க கைகாலைப் பிடிச்சு அசைக்கிறது இல்லை.

பேலன்ஸ் மூளை கத்துக்கிற வேலைங்க. சாய்ஞ்சு, சமாளிச்சுத்தான் கத்துக்கும். வேற தெரபிஸ்ட் வந்தப்புறம் பாப்பா முக்காலியில உக்காந்து, தரையில கிடக்குற பந்தை எட்டி எடுத்தா. தொப்புனு விழுவா; அக்கா அழுவா. எட்டு மாசம் கழிச்சு வாஷ்பேசினைப் பிடிக்காம நின்னு பல் விளக்கினா.

இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில கொட்டினேன். (மேனேஜர் முறைச்சார், டார்கெட் பாக்கி.) அவர் வளையலைக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டு, "யோசிச்சுட்டு வரேன் சாப்"னு கிளம்பினார்.

இன்னும் வரலை.