கல்பாக்கம் மணல், சீனாவின் கட்டுப்பாடு, 'குவாண்டம் துளி': மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் இயற்கையான கதிர்வீச்சு சற்றுக் கூடுதலாகப் பதிவாவதற்கு, இந்தத் தாதுவில் உள்ள தோரியம் ஒரு முக்கியக் காரணம். தோரியத்தோடு சேர்ந்து அதில் இருப்பவைதான், இப்போது உலகமே பேசும் அரிய மண் தனிமங்கள்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது டிஸ்ப்ரோசியம். 2025 ஏப்ரல் 4-ம் தேதி சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த 7 தனிமங்களில் இதுவும் ஒன்று. மின்சார வாகன மோட்டாரின் காந்தம் சூட்டில் வலு இழக்காமல் இருக்க இதைச் சேர்க்கிறார்கள். மறைமலைநகர், மகிந்திரா சிட்டி என வாகனத் தொழிலை நம்பியிருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு, இது எங்கோ நடக்கும் செய்தி இல்லை.

இதே தனிமம் இயற்பியல் ஆய்வகங்களில் இன்னொரு காரணத்துக்காகவும் பிரபலம். 'குவாண்டம் துளி' என்ற விசித்திரமான பொருள் முதலில் உருவானது டிஸ்ப்ரோசியம் அணுக்களில்தான். அப்படின்னா, சீனாவின் கட்டுப்பாடு இந்த ஆராய்ச்சியையும் முடக்கிவிடுமா?

அதென்ன குவாண்டம் துளி?

வாயுவை அடைத்து வைக்காவிட்டால் பரவிவிடும். தண்ணீர் அப்படியல்ல, துளியாகத் திரண்டு நிற்கும். பள்ளியில் நாம் படித்த வித்தியாசம் இது.

இப்போது வாயுவை மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ் என்ற கடைசி எல்லைக்கு மிக மிக அருகே குளிர்விக்கிறார்கள். எல்லைக்கு மேலே ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்குதான் மிச்சம். அப்போது அணுக்கள் தனித்தனியாக நடந்துகொள்ளாமல், எல்லாம் சேர்ந்து ஒரே அலை போல மாறும். 1924-ல் சத்தியேந்திர நாத் போஸ் டாக்காவில் இருந்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையில் இருந்து பிறந்த 'போஸ்-ஐன்ஸ்டீன்' நிலை இதுதான். ஆய்வகத்தில் இது கைகூடியது 1995-ல்.

ஆனால் இதுவும் வாயுதான். பிடித்து வைத்திருக்கும் லேசர் ஒளியை அணைத்தால் பரவிவிடும். குவாண்டம் துளி மட்டும் பரவாது. காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு அடர்த்தி குறைவாக இருந்தும், திரவம் போலத் தானாகவே சேர்ந்து நிற்கும்.

எப்படி நிற்கிறது?

ரெண்டு சட்டக் காந்தங்களை எடுத்துக்கோங்க. ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலை வருவது போல வைத்தால் ஒட்டும். அதே திசையில் பக்கம் பக்கமாக வைத்தால் தள்ளும். டிஸ்ப்ரோசியம் அணு ஒவ்வொன்றும் இப்படி ஒரு குட்டிக் காந்தம். இந்தச் சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் ரூபிடியத்தைவிட அதன் காந்தத்தன்மை சுமார் 10 மடங்கு அதிகம்.

ஈர்ப்பு இவ்வளவு இருந்தால் வாயு உள்நோக்கிச் சரிந்து அழிந்துவிட வேண்டும். எதிர்பார்த்ததும் அதுதான். ஆனால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் டில்மன் ஃபாவ் குழு பார்த்தது வேறு. வாயு சரியாமல் குட்டிக் குட்டித் துளிகளாகப் பிரிந்து நின்றது. 2016 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. அதே ஆண்டு, அடைத்துவைக்கும் பொறி இல்லாமலேயே துளி நிலைப்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழு எர்பியம் அணுக்களில் இதே விளைவைக் கண்டது.

காப்பாற்றியது எது? எவ்வளவு குளிர்வித்தாலும் அணுக்களின் குவாண்டம் நடுக்கம் முழுசா நிற்காது. நெருக்கம் கூடக் கூட, அந்த நடுக்கத்தால் வரும் தள்ளுவிசை ஈர்ப்பைவிட வேகமாக வளரும். ஒரு கட்டத்தில் ரெண்டும் சமமாகிவிடும். அங்கே துளி நிலைக்கிறது. அணுக்களின் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால், துளி மறுபடியும் வாயுவாகிக் கலைந்துவிடும்.

இதனால் என்ன பயன்?

நாளைக்கே செல்போனில் வரப்போகும் விஷயம் இல்லை. ஆனால் இந்தத் துளிகளை வைத்துத்தான் 2019-ல் இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரியா குழுக்கள் 'மீதிண்மம்' என்ற நிலையை எட்டின. திடப்பொருள் போல ஒழுங்காக அடுக்கியிருக்கும், அதே நேரம் உராய்வே இல்லாமல் ஓடவும் செய்யும். 2024-ல் அதற்குள் குவாண்டம் சுழல்களையும் பார்த்துவிட்டார்கள். நியூட்ரான் நட்சத்திரங்களின் உட்புறத்தைப் புரிந்துகொள்ள இது உதவலாம் என்பது விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பு.

சீனாவின் கட்டுப்பாடு தடையா?

மோட்டார் தொழிலுக்குத் தடைதான். அங்கே தேவை டன் கணக்கில். துளிக்கு அப்படியில்லை. ஒரு துளியில் இருப்பது சில ஆயிரம் அணுக்கள். ஒரு கிராம் டிஸ்ப்ரோசியத்திலோ சுமார் 3.7 கோடி கோடி கோடி அணுக்கள். சோதனையில் பெரும்பகுதி வீணானாலும், சில கிராம் இருந்தால் ஒரு ஆய்வகம் நீண்ட காலம் ஓட்டலாம்.

சரி, கல்பாக்கம் மணலில் இருந்தே எடுத்தால் என்ன? இந்திய மோனசைட்டில் அதிகம் இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலகு வகைகள். டிஸ்ப்ரோசியம் போன்ற கன வகைகள் மிகக் குறைவு. மணலைத் தோண்டினால் கரைக்கும் மீனவ கிராமங்களுக்கும் பாதிப்பு வரும், டிஸ்ப்ரோசியமும் பெரிதாகக் கிடைக்காது.

இந்தியா எங்கே நிற்கிறது?

கோட்பாட்டில் நாம் பின்தங்கவில்லை. புனே ஐசர் போன்ற நிறுவனங்களில், காந்த அணு வாயுக்கள் குறித்த கணக்கீடுகள் நடக்கின்றன. ரூபிடியத்தைக் குளிர்விக்கும் சோதனைகளும் நாட்டில் உண்டு. டிஸ்ப்ரோசியம் சோதனை இன்னும் சிக்கலானது. நீலம், சிவப்பு என தனித்தனி லேசர்கள், மிக உயர்ந்த வெற்றிடம், பல வருடம் பொறுமையாக வேலை செய்யும் மாணவர்கள் எல்லாம் வேண்டும்.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒதுக்கீடு 6,003.65 கோடி ரூபாய். 2030-31 வரை நடக்கும் இதில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி-யில் இருக்கிறது. கணினி, தகவல்தொடர்பு, உணரிகள் போன்ற உடனடிப் பயன்களுக்குத்தான் இந்தத் திட்டத்தில் முதலிடம்.

மொத்தத்தில், ஒரே தனிமம், ஆனால் ரெண்டு வேறு பிரச்சினைகள். மோட்டாருக்கு டிஸ்ப்ரோசியம் கிடைப்பது சீனாவின் அனுமதியைப் பொறுத்தது. குவாண்டம் துளி இங்கே உருவாவது, உடனே பலன் தராத ஆராய்ச்சிக்கும் நாம் எவ்வளவு காலம் பணமும் ஆளும் தரப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.