திறவாத படங்கள்

கைப்பேசியில் ஒரு படம் வந்து நிற்கின்றது. அதன்மேல் விரல் வைத்தால் நடுவே ஒரு வட்டம் சுழல்கின்றது, சுழன்றுகொண்டேயிருக்கின்றது, படமோ திறந்தபாடில்லை. ‘லோடாகவில்லை’ என்னும் சொல் இந்நாளில் விழுப்புரத்துப் பேருந்து நிலையத்திலும் திண்டிவனத்துத் தேநீர்க் கடையிலும் கற்றார் கல்லார் என்னும் வேறுபாடின்றி யாவர் வாயிலும் வழங்குவதாயிற்று. சிறு குறைதானே என்று இதனை ஒதுக்கிவிடுவாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. இக்குறையைத் தீர்ப்பதாக எண்ணி நம்மவர் செய்வனவற்றுட் சில, குறையினும் பெருங்கேட்டை விளைவிக்கின்றன. அன்றியும், குறையிற் பெரும்பகுதி படத்தைப் பெறுவாரிடத்து இல்லை, அனுப்புவாரிடத்தே உள்ளது. இவ்விரண்டையும் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. கடந்த பின்னும் விலகிச் செல்லாது அப்பக்கத்தே நெடுநேரம் நின்று பெய்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை வீழ்ந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையினின்று நொடிக்கு ஒன்றரை இலக்கம் கன அடிக்கு மேற்பட்ட நீர் திறந்துவிடப்படவே, தென்பெண்ணை கரை புரண்டது. அரசூரில் நெடுஞ்சாலை நீருள் மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்தமையின் தொடர்வண்டிகள் நிறுத்தப்பெற்றன. வீட்டுக்குச் சென்றிருந்த மாணவர் கல்லூரிக்கு மீள வழியின்றி நின்றனர்; கல்லூரி விடுதியில் இருந்தோர் வீட்டின் நிலை அறியாது தவித்தனர்.

அந்நாட்களில் எமக்கு வேண்டியிருந்தவை மூன்று செய்திகளே: எவ்வண்டி ஓடும், தேர்வு நடக்குமா, எம்மூரார் எங்குத் தங்கியிருக்கின்றனர். இம்மூன்றும் எம் கைப்பேசிக்கு வந்தே சேர்ந்தன. ஆனால் மூன்றும் படங்களாக வந்தன. தாளில் அச்சிட்ட அறிவிப்பை யாரோ படம் பிடித்து அனுப்ப, அதனை மற்றொருவர் அனுப்ப, எம்மிடம் வந்தது மங்கிய ஒரு கட்டமும் சுழலும் ஒரு வட்டமுமே. மின்சாரம் நின்றால் கைப்பேசி டவர்கள் பேட்டரியைக் கொண்டே சில மணி நேரம் உயிர் தரிக்கின்றன, பின் அணைகின்றன. அணையாது எஞ்சிய டவரை அப்பகுதி மக்கள் அனைவரும் ஒருங்கே நாடுகின்றனர். அந்நெருக்கத்தில் ‘நலமாக இருக்கின்றோம்’ என்னும் இரு சொற்கள் நுழைந்து வந்துவிட்டன. படம் நுழையவில்லை.

நிற்க. படம் திறவாதவிடத்துச் செய்யத்தக்கது யாது? முதற்கண் வினவ வேண்டியது, திறவாதது இந்த ஒரு படமா, எல்லாப் படங்களுமா என்பதே. எல்லாம் திறவாவிடின் குறை வழியிலோ கருவியிலோ இருத்தல் கூடும்; ஒன்றே திறவாவிடின் குறை அப்படத்தின்கண் இருத்தல் கூடும். அருகிலுள்ளார் கைப்பேசியிலும் திறவாவிடின் நம் கைப்பேசியை நோவதிற் பயனில்லை. மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்த பின்னரன்றோ மருந்து கொடுப்பர்? நம்மவர் நாடி பாராமலே அறுவைக்குக் கத்தியை எடுக்கின்றனர்.

வழியில் உள்ள குறை பெரும்பாலும் எளிது. நாளொன்றுக்கு இவ்வளவு ஜிபி என்று அளந்து தரும் திட்டங்கள் பலவற்றில், அவ்வளவு தீர்ந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ் என்னும் அளவுக்குக் குறைக்கப்படுகின்றது. அஃதாவது நொடிக்கு 8,000 பைட்டு. மாலை ஐந்து மணிக்குக் கிரிக்கெட் பார்த்துத் தீர்த்தவர்க்கு இரவு எட்டு மணிக்குப் பாடக் குறிப்பின் படம் திறவாமை வியப்பன்று. ஓடும் தொடர்வண்டியில் ஒரு டவரினின்று மற்றொன்றுக்குக் கைமாறும்பொழுதும் இடையிடையே இது நிகழும். அடுத்த நிலையம் வரும்வரை பொறுத்தால் தானே தீரும்.

கருவியிலுள்ள குறைகள் பலவகை. அவற்றுள் யாவரும் அறிந்தது இடமின்மை. காலை வணக்கப் படங்களும், பொங்கல் தீபாவளி கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகளும், ஒரே நகைச்சுவைக் காணொளி ஐந்து குழுக்களின் வழி ஐந்து முறையும் வந்து குவிந்த பின், புதிதாக வரும் படம் எங்கே அமரும்? 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுள் நிறுவனம் கைப்பேசியின் குப்பையைக் களைவதற்கென்றே ஒரு செயலியை வெளியிட்டது. இந்தியர் பரிமாறிக்கொள்ளும் காலை வணக்கப் படங்களின் பெருக்கமே கைப்பேசிகள் நிரம்புதற்கு ஒரு காரணமென அந்நிறுவனத்தார் கண்டனர் என்று 1918-இல் அன்று, நம் காலத்து 2018-இல் வெளிநாட்டுச் செய்தித்தாள்களும் எழுதின. வணக்கத்தால் வந்த வினை!

பலர் அறியாதது ஒன்றுண்டு. கைப்பேசியின் நாளும் நேரமும் பிழையாக இருப்பின் வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் இறங்கமாட்டா. பேட்டரி முற்றும் தீர்ந்து நெடுநாள் கிடந்து மீண்டும் உயிர்பெற்ற பழங்கருவிகளில் இது நேர்தல் உண்டு. எதிரிலுள்ள சர்வர் காட்டும் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். நம் கடிகாரம் அந்நாட்களுக்குப் புறம்பானதொரு நாளைக் காட்டுமாயின் அச்சான்றிதழ் செல்லாததாகக் கருதப்பட, கதவு மூடிக்கொள்கின்றது. அமைப்புகளுக்குச் சென்று நேரத்தைத் தானியங்கியாக வைத்துவிட்டால் தீர்ந்தது. இதற்காகக் கைப்பேசியையே மாற்றினவரும் உளர் என்றால் நகைக்கத் தோன்றும். இருநூறு ரூபாய் நாட்கூலி பெறுவார் ஒருவர் அங்ஙனம் மாற்றினாரென்றால் நகை வாராது.

இனி, படத்தின்கண்ணே குறையுள்ள இடங்கள். 2017-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களில் ஹெச்இஐசி என்னும் புதிய வடிவிற் படங்களைச் சேமிக்கத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 9 முதலாகவே பிற கைப்பேசிகள் அவ்வடிவைப் படிக்கக் கற்றன. ஆகவே உறவினர் ஐபோனிலிருந்து அசற்கோப்பாக அனுப்பிய படம் பழைய ஆண்ட்ராய்டில் திறவாது. ஜேபிஇஜி ஆக மாற்றி அனுப்புமாறு கேட்டலே வழி. காணொளியின் இயல்பு வேறு. எம்பி4 கோப்புக்கு நூலின் பொருளடக்கம்போல ஓர் அட்டவணை உண்டு. அது பல கோப்புகளில் இறுதியில் வைக்கப்பட்டிருக்கும். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கு இறங்கி இரண்டு பங்கு நின்றுவிடினும், அட்டவணையின்றிக் கருவி எதையும் காட்டமாட்டாது. ‘பெரும்பாலும் வந்துவிட்டதே, ஏன் ஓடவில்லை?’ என்பார்க்கு இதுவே விடை. கூகுள் போட்டோஸ் போன்றவற்றில் இடம் மிச்சப்படுத்துவதற்காக மூலப்படத்தைத் தொலைவிலுள்ள சர்வரில் வைத்துக் கைப்பேசியில் சிற்றுருவை மட்டும் நிறுத்துவதும் உண்டு. அங்ஙனமாயின் படம் மங்கலாய்த் தோன்றுதல் அழிவின் அறிகுறியன்று. இணைப்பு வந்தால் தெளியும்.

யாம் அஞ்சுவது யாதெனின், இவற்றுள் எதனையும் ஆராயாமல் ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்’ என்னும் அறிவுரையையே. எம் உறவின் முறையில் ஒரு பெரியம்மா உளர். அவர்தம் கணவனார் மறைந்து ஈராண்டாகின்றது; அவர் குரலும் முகமும் இருந்தவை அக்கைப்பேசியில் இருந்த காணொளிகளில் மட்டுமே. அவை சில நாளாக ஓடவில்லையென்று ஒரு கடையிற் காட்டினார். கடையிலிருந்த இளைஞர் ஒரு நொடியும் தயங்காது கருவியை முதல்நிலைக்கு மீட்டுத் தந்தார். கைப்பேசி புதியதுபோல் விரைந்து ஓடிற்று, அக்காணொளிகள் இல்லை. அந்த இளைஞர் தீயரல்லர். அவர் பழுது பார்த்தது கருவியை. பெரியம்மா கொண்டு சென்றதோ கருவியை அன்று.

ஆதலின் ஒரு வேறுபாட்டை யாவரும் உளங்கொள்ளல் வேண்டும். செயலியின் ‘கேஷ்’ என்பது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பொருளைக் கருவி தன் வசதிக்காக எடுத்து வைத்திருக்கும் படி. அதனை அழிப்பதால் இழப்பில்லை. ‘டேட்டா’ அல்லது ‘சேமிப்பகம்’ என்பதை அழிப்பதோ வேறு. அதனோடு உரையாடல்களும் போம். வாட்ஸ்அப் நிறுவனம் நமக்கு வந்து சேர்ந்த படங்களைத் தன்னிடம் நமக்காகக் காத்து வைப்பதன்று. பிரதி எடுத்து வைக்காதார் இழந்தால் அனுப்பியவரை மீண்டும் வேண்டுவதே வழி. மெமரி கார்டு பழுதுற்றுப் படங்கள் சாம்பல் நிறமாய்த் தோன்றினால், ‘ஃபார்மட் செய்யவா’ என்று கருவி வினவும். அப்பொழுது ஆம் என்னாது கார்டைக் கழற்றி, கணினியில் இட்டு, இயன்றவற்றைப் படியெடுத்த பின்னரே மேற்செல்லல் வேண்டும்.

இங்ஙனமெல்லாம் பெறுவார் விழிப்பாக இருப்பினும் தீராத குறை ஒன்று எஞ்சுகின்றது. 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றிலும் உலகெங்கணும் பலர்க்குப் படங்களும் காணொளிகளும் திறக்கவில்லை. வழக்கமான பராமரிப்பு வேலையொன்றில் நேர்ந்த பிழையே காரணமென அந்நிறுவனம் கூறிற்று. அன்று எத்துணைப் பேர் தம் கைப்பேசியை அணைத்தும் எழுப்பியும் அழித்தும் வருந்தினரோ! அந்நாளில் ஒரு விந்தையும் நிகழ்ந்தது. ஃபேஸ்புக்கில் படம் இருக்க வேண்டிய வெற்றிடங்களில் சில சொற்கள் தோன்றின: இப்படத்தில் இருவர் இருக்கலாம், மரம் இருக்கலாம், வானம் இருக்கலாம் என்பது போன்றவை. பார்வையற்றோர்க்குப் படத்தை வாயாற் சொல்லும் பொருட்டு 2016-ஆம் ஆண்டு முதல் இயந்திரம் மறைவில் எழுதி வைத்து வந்த குறிப்புகள் அவை. படம் வீழ்ந்தபோது சொல் நின்றது. கண்ணுடையோரும் அன்று அதனையே படித்தனர்.

ஈண்டுச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். யூனிகோடு முறையிலே தமிழெழுத்து ஒன்று 3 பைட்டு. புள்ளியோ கொம்போ சேருமாயின் 6 பைட்டு. 500 எழுத்துள்ள ஓர் அறிவிப்பு 3,000 பைட்டுக்கு மேற்போகாது. மேற்கூறிய குறைந்த வேகத்திலும் அஃது அரை நொடிக்குள் வந்துசேரும். அதே அறிவிப்பை வாட்ஸ்அப் சுருக்கிய படமாக, ஏறத்தாழ 150 கேபி அளவில் அனுப்பினால் இருபது நொடி. சுருக்காது 3 எம்பி அளவில் அனுப்பினால் ஆறு நிமிடத்துக்கு மேல். இஃது இடையறாத இணைப்பு இருக்குமாயின். வெள்ள நாளில் ஆறு நிமிடம் இடையறாத இணைப்பு யாருக்குக் கிடைத்தது?

அறிவிப்பைப் படமாக அனுப்பும் வழக்கம் நம்மிடை வேரூன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னாளில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையிற் குறியீடு பெற்றிருந்தது; ஒருவர் தட்டச்சிட்டது மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். அக்காலத்திற் படமே அஞ்சத்தக்கதற்ற வழி. 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. இன்று எளிய கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தோன்றுகின்றது. காரணம் போயிற்று, வழக்கம் மட்டும் போகவில்லை.

கையொப்பமும் முத்திரையும் உள்ள படமே நம்பத்தக்கது, வெறும் எழுத்தை யாரும் புனையலாமே என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் படத்தையும் புனைகின்றனர். மழைக்காலந்தோறும் மாவட்ட ஆட்சியர் பெயரால் முத்திரையோடு பொய்யான விடுமுறை அறிவிப்புகள் உலவுவதை மாணவராகிய யாமே நன்கறிவோம், சிலர் மகிழ்ந்து நம்பியதையும் அறிவோம். யாம் படத்தை விலக்கச் சொல்லவில்லை. எழுத்து முன்னே வரட்டும். முத்திரையிட்ட படம் பின்னே வரட்டும் என்கின்றோம். எம்முடன் பயிலும் பார்வையற்ற மாணவர் தம் கைப்பேசியிலுள்ள டாக்பேக் என்னும் குரல்வழி வாசிப்பானைக் கொண்டே செய்திகளை அறிகின்றார். எழுத்தாக வந்ததை அது தெளிவாகப் படிக்கின்றது. சாய்த்தெடுத்த தமிழ்த்தாளின் படத்தை அதனால் செவ்வனே படிக்க இயலவில்லை. அவர்க்கு இணைப்பு எத்துணை விரைவாயிருப்பினும் எந்நாளும் படம் திறவாத நாளே.

எம் வகுப்புக் குழுவில் அப்புயலுக்குப் பின் ஒரு வழக்கம் கொண்டோம். யார் எந்த அறிவிப்பின் படத்தை இடினும், அதன் மேல் நாள், நேரம், இடம், செய்தி ஆகிய நான்கையும் தட்டச்சிட்ட பின்னரே இடவேண்டும். தட்டச்சிடுதற்கு ஒரு நிமிடம் ஆகின்றது. சோம்பல் மிக்கார் குரலாற் சொல்லக் கைப்பேசியே எழுதிக்கொள்ளுமாறு செய்கின்றனர். அதில் வரும் பிழைகள் தமிழ் மாணவராகிய எமக்கு நாள்தோறும் நகைப்புக்கு விருந்து. தேர்வுக் கால அட்டவணையும் விடுதி அறிவிப்புகளும் இன்னும் தாளின் படமாகவே கல்லூரிக் குழுக்களில் வருகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னர் அவற்றை எழுத்தாகவும் அனுப்ப ஆவன செய்யுமாறு அலுவலகத்தாரையும் ஆசிரியப் பெருமக்களையும் வேண்டுகின்றோம். தட்டச்சிட ஆள் வேண்டுமெனில் எம் வகுப்பினர் பதினால்வர் உளர்.